வேலிக்கு இப்பால் நிண்டு சொன்னது

தெய்வேந்திரமண்ணை,
கச்சேரிக்கு ஒன்பது தரம் அலைஞ்சு எடுத்த துவக்கு.
நல்லது. பன்றிக்கும் கொஞ்சம் பயம் வரட்டும்.
ஆனால் அதை என்ர கையில தராதேங்கோ.
லைசென்சில உங்கட பெயர்தான்.
முறிச்சுத் திறந்து நிலத்தில வையுங்கோ,
நான் வேலிக்கு இப்பால் நிண்டே பார்க்கிறன்.

வெறும் துவக்கு எண்டு உலகத்தில ஒரு சாமான் இல்லை.
'உள்ள ஒண்டுமில்லை' எண்டுதான் எல்லாரும் சொல்லுறவை,
சத்தம் கேட்கும் மட்டும்.
கண்ணை நம்பாமல் விரல் விட்டுத் தடவிப் பாருங்கோ.
குழலுக்குள்ளால வானம் வட்டமாய்த் தெரிய வேணும்.
மூலையில சாத்தி வைச்சால் குளவி மண் கொண்டு வந்து அடைக்கும்;
அந்தச் சின்னக் கட்டி காணும்
இரும்பு பூவாய் விரிய.

தோட்டா கேட்டனீங்கள்.
குழலில பன்னிரண்டு எண்டு அடிச்சிருக்கு, வாசியுங்கோ.
உங்கட மச்சான் வவுனியாவில வாங்கின மஞ்சள் கோது இருபது.
திருப்பிக் குடுங்கோ.
அது வழுக்கி உள்ள போய் நடுக்குழலில இறுகும்.
காணேல்லை எண்டு பின்னால ஒரு சிவப்பைப் போட்டால்
பிறகு இடக்கையைத் தேட வேணும்.

பன்றிக்கு எஸ்ஜி.
ஒரு கோதுக்குள்ள ஒன்பது சன்னம்,
ஒன்பதுக்கும் ஒன்பது வழி.
ரெண்டு பன்றியில படும்.
மிச்சம் ஏழும் எங்க போகுது எண்டு
விசையைத் தொட முதல் நினையுங்கோ.
கச்சானுக்கு அங்கால வாய்க்கால்,
வாய்க்காலுக்கு அங்கால
வீட்டுத்திட்டம் வராத மதுரநாயகியின்ர கொட்டில்,
மூண்டு பக்கமும் தறப்பாள்.
தறப்பாள் ஒண்டையும் மறிக்காது.
அதை நான் பார்த்தனான்.

மயிலுக்கும் குரங்குக்கும் தகரம் தட்டுங்கோ, காணும்.

டோர்ச் அடிக்க ரெண்டு கண் மினுங்கினால் உடனே பன்றி இல்லை.
மாடும் மினுங்கும்.
முத்தையன்கட்டுக்கு மீன் எடுக்கப் போறவன்ர
சைக்கிள் மட்காட்டும் மினுங்கும்.
முழு உடம்பும் தெரியும் மட்டும் விரல் வெளியில.
தெரியேல்லையோ,
திண்டிட்டுப் போகட்டும்.
கச்சான் அடுத்த போகமும் முளைக்கும்.

இழுத்தும் வெடிக்கேல்லையோ, திறக்காதேங்கோ.
வரம்புப் பக்கம் பிடிச்சபடி முப்பது எண்ணுங்கோ, ஆறுதலாய்.
மாரி ஈரம் குடிச்ச தோட்டா
யோசிச்சு யோசிச்சுத்தான் முடிவெடுக்கும்.

துவக்கு அலுமாரிக்குள்ள, திறப்பு உங்கட இடுப்பில.
தோட்டா வேற இடத்தில.
அரிசி வாளிக்குள்ள ஒளிக்க வேண்டாம்,
சோறு போட நிலக்சனாதான் அதுக்குள்ள கை விடுறவள்.
வரம்பு கடக்கேக்க, வேலி பூரேக்க
முறிச்ச துவக்காய்க் கொண்டு போங்கோ.
ஆருக்கும் வெக்கமில்லை அதில.

இவ்வளவும் எங்க படிச்சனி எண்டு
நீங்கள் கேட்கேல்லை.
பெரிய உபகாரம்.
மாசம் ஒருக்கா மோட்டார் சைக்கிளில வாறவை கேட்டால்
புளி கேட்டு வேலியில நிண்டவள் எண்டு சொல்லுங்கோ.
ஒரு பிடி புளியும் தாங்கோ,
பொய்யாய்ப் போகாமல்.

*

அண்ணை, ராத்திரி ரெண்டேகாலுக்கு ஒரு வெடி.
நான் கட்டிலில இல்லை.
எப்ப இறங்கினன் எண்டு தெரியாது,
நெஞ்சு சீமெந்தில, ரெண்டு கையும் தலைக்கு மேல,
பக்கத்தில ஆரையோ அமத்திப் பிடிக்கத் தேடுது முழங்கை.
முப்பது எண்ணினன்.
பிறகும் முப்பது.
அதுக்குப் பிறகுதான் உங்கட குரல்,
'ஐயோ, தப்பீட்டுது!'
ஆரோ சிரிச்சினம். நாய் ஒண்டு ஓடிச்சுது.

ஒண்டு சொல்ல மறந்துபோனன்.
வெடி வைக்க முதல்
இந்தப் பக்கம் திரும்பி ஒருக்காக் கூப்பிட்டுச் சொல்லுங்கோ.
பன்றி கேட்டு ஓடினால்
ஓடட்டும்.